மகனுக்கு 16 ஆகப்போகுது: கேரர்ஸ் அலவன்ஸ் நிண்டிடுமோ?

சுதா_ஹரோ | 6 நவம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ஓட்டிசம். வாற பெப்ரவரியில 16 முடியுது. இப்ப, இங்க இங்கிலாந்தில மாற்றுத்திறன் பிள்ளையளுக்குக் குடுக்கிற டிஎல்ஏ உதவித்தொகையில பராமரிப்புக்கு நடுத்தர அளவும் நடமாட்டத்துக்குக் குறைஞ்ச அளவும் கிடைக்குது. அதை வச்சுத்தான் நான் பராமரிக்கிற ஆளுக்கு வாற கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறன். கடையொண்டில பகுதிநேரமாக நிக்கிறன், இவர் டெலிவரி ஓடுறார். மிச்சத்துக்கு, வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சம் வருது.

இப்ப ஒரு கடிதம் வந்திருக்கு. மகன் தன்ர காசு விசயத்தைத் தானே பார்ப்பாரோ, இல்லாட்டி அவருக்காக வேற ஆள் பார்க்கவேணுமோ எண்டு கேட்டிருக்கினம். 16-க்குப் பிறகு டிஎல்ஏ இல்லை, பெரியாக்களுக்கான பிப் எண்ட உதவித்தொகைதான் எண்டும் சொல்லுகினம். அப்ப என்ர அலவன்ஸ் என்னாகும்? கோயிலில நாலு பேரிட்டக் கேட்டன், நாலு கதை சொல்லுகினம். அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

வன்னியான் | 6 நவம்பர்

அக்கா, 16 எண்டால் சின்னப்பிள்ளைக் கணக்கு முடிஞ்சுது. கேரர்ஸும் அதோட போச்சு. எங்கட ரோட்டில ஒரு குடும்பத்துக்கு அப்பிடித்தான் வெட்டினது. இப்பவே முழுநேர வேலை ஒண்டு பாருங்கோ.

கணக்குப்பிள்ளை | 6 நவம்பர்

வன்னியான், பாதிக் கதையைச் சொல்லி ஆளைப் பயப்பிடுத்தாதேங்கோ. நான் கிழக்கு லண்டனில ஒரு ஆலோசனை நிலையத்தில தொண்டராக இருக்கிறன். இந்தக் கேள்வியோட வாற தாய்மார் கனபேர்.

சுதா, கேரர்ஸ் அலவன்ஸ் பிள்ளையின்ர வயசைப் பார்க்கிறேல்ல. நீங்கள் பராமரிக்கிற ஆளுக்கு என்ன உதவித்தொகை கிடைக்குது எண்டதைத்தான் பார்க்குது. டிஎல்ஏ-யில பராமரிப்புப் பகுதி நடுத்தரம் அல்லது உச்சம் இருக்கவேணும். பிப்பில 'அன்றாட வாழ்வு' எண்ட பகுதி சாதாரண அளவில கிடைச்சாலே காணும். நடமாட்டப் பகுதி மட்டும் கிடைச்சால் கேரர்ஸ் இல்லை. அந்த ரோட்டுக் குடும்பத்துக்கும் அநேகமாக அதுதான் நடந்திருக்கும்: பிப் கேட்டிருப்பினம், அன்றாட வாழ்வில புள்ளி காணாமல் போயிருக்கும், அதோட தாயின்ர காசும் நிண்டிருக்கும். இல்லாட்டி கடிதத்தைத் திறக்காமல் மேசையில வச்சிருப்பினம்.

முறை இதுதான். 16 முடிஞ்ச கையோட பிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். அதில ஒரு கடைசித் திகதி போட்டிருக்கும். அதுக்குள்ள விண்ணப்பிச்சால், முடிவு வருமட்டும் டிஎல்ஏ ஓடும், உங்கட கேரர்ஸும் ஓடும். திகதியைத் தவறவிட்டால் டிஎல்ஏ நிக்கும், பிறகு எல்லாம் ஒண்டன்பின் ஒண்டாக விழும். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில முறை வேற.

இனி முக்கியமான விசயம். டிஎல்ஏ படிவத்தில நீங்கள் எழுதினது 'இதே வயசுப் பிள்ளையளை விட என்ர பிள்ளைக்கு எவ்வளவு கூடப் பராமரிப்புத் தேவை' எண்டது. பிப்பில அந்த ஒப்பீடே கிடையாது. பத்து அன்றாட வேலையள், இரண்டு நடமாட்ட வேலையள். ஒவ்வொண்டையும் அவர் தானே செய்வாரோ, சொல்லித்தான் செய்விக்கவேணுமோ, பக்கத்தில நிக்கவேணுமோ, செய்யவே ஏலாதோ எண்டு பார்த்துப் புள்ளி போடுவினம். 8 புள்ளி எண்டால் சாதாரண அளவு, 12 எண்டால் உயர்ந்த அளவு. இரவில எழும்பிப் பார்க்கிறது டிஎல்ஏ-யில பெரிய விசயம், பிப்பில அதுக்கெண்டு தனியாக ஒண்டுமில்லை. பழைய படிவத்தைப் பார்த்து அப்பிடியே எழுதிக் குடுக்கிற ஆக்கள்தான் கூடுதலாக அடிபடுகினம்.

காசு 2025-26 வருசத்துக்கு: பிப் அன்றாட வாழ்வு கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ஸ். நடமாட்டம் 29.20 அல்லது 77.05. கேரர்ஸ் அலவன்ஸ் 83.30.

ஈலிங்_குமரன் | 6 நவம்பர்

மறுபக்கமும் இருக்கு. மகளுக்கு டிஎல்ஏ-யில குறைஞ்ச அளவுதான் கிடைச்சது, அதால மனுசிக்குக் கேரர்ஸ் கிடைக்கவேயில்லை. 16-இல பிப் சாதாரண அளவு கிடைச்சுது. அதுக்குப் பிறகுதான் முதல்முதலாகக் கேரர்ஸ் எடுத்தா. குறைஞ்ச அளவில இருக்கிற ஆக்கள் 'எங்களுக்கு இது சரிவராது' எண்டு விட்டிடாதேங்கோ.

மூத்தவள் | 7 நவம்பர்

பிள்ளை சுதா, என்ர மகளுக்கு இப்ப 19. ஒரு அம்மாவாகச் சொல்லுறன், அந்தப் படிவத்தில எங்கட சனம் விடுற பிழை எல்லாம் குசினியிலதான் தொடங்குது.

முதல் கேள்வி சமையல். நாங்கள் என்ன எழுதுவம்? 'நான்தான் சமைக்கிறனான், அவர் குசினிக்குள்ள வாறேல்ல.' பார்க்கிற ஆளுக்கு அது என்ன? ஆம்பிளைப் பிள்ளை, தாய் சமைச்சுப் போடுறா, அவ்வளவுதான். புள்ளி சைபர். எந்தத் தமிழ் வீட்டில 16 வயசுப் பெடியன் சமைக்கிறான் எண்டு நீங்கள் கேட்கலாம். அவை கேட்கிறது அதில்லை. பச்சை மரக்கறி, முட்டை குடுத்து ஒராளுக்குக் காணுற சாப்பாடு அடுப்பில செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? அடுப்பைப் பத்தவைச்சிட்டுப் போயிடுவாரோ? கத்தியால வெட்டினால் கையைக் கவனிப்பாரோ? முட்டை அவிஞ்சதோ இல்லையோ விளங்குமோ? அதை எழுதுங்கோ. ஒருக்கால் பக்கத்தில நிண்டு செய்விச்சுப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. பக்கத்தில ஆள் நிக்கவேணும் எண்டால் அந்த ஒரு கேள்விக்கே 4 புள்ளி.

சாப்பிடுறதும் அப்பிடித்தான். சோறு குழைச்சுக் கையால சாப்பிடுற பிள்ளைக்கு வெட்டிச் சாப்பிட ஏலாது எண்டது எங்கட கண்ணில படாது. மீனில முள்ளு எடுத்துக் குடுக்கிறது, இறைச்சியைப் பிச்சுப் போடுறது எல்லாம் நாங்கள் யோசிக்காமலே செய்யிற வேலை. அதுவும் உதவிதான்.

இன்னொண்டு. மதிப்பீட்டுக்கு ஃபோன் வரேக்க நாங்கள் வெளியாக்களுக்குச் சொல்லுறமாதிரி 'இப்ப பரவாயில்லை, பிள்ளை நல்லா இருக்கிறா' எண்டு தொடங்கிடுவம். பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லக் கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருக்கு. ஆனால் அந்த நேரத்தில அதைக் கழட்டி வைக்கத்தான் வேணும். இங்கிலிஷ் தடுமாறும் எண்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அது உங்கட உரிமை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. தம்பியைப் பற்றிச் சொல்ல மனம் வராமல் பாதியை விழுங்கிடும்.

கணக்குப்பிள்ளை | 7 நவம்பர்

அக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். 'செய்வார்' எண்டு பெட்டியில அடையாளம் போட முன்னம் நாலு விசயத்தை யோசிக்கவேணும்: ஆபத்தில்லாமல் செய்வாரோ, ஒழுங்காகச் செய்வாரோ, தேவைப்படுற ஒவ்வொரு தடவையும் செய்வாரோ, நியாயமான நேரத்துக்குள்ள செய்து முடிப்பாரோ. இந்த நாலும் விதியிலேயே இருக்கு. சும்மா ஆலோசனை இல்லை. ஒண்டு சரிவராட்டிலும் அவர் அதைச் செய்ய ஏலாத ஆள் எண்டுதான் கணக்கு. அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாளில அப்பிடி இருக்கவேணும். ஆக மோசமான ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதினால் நிக்காது. வழமையான கிழமை எப்பிடிப் போகுது எண்டு எழுதுங்கோ.

குளிக்கச் சொல்லி நினைவூட்டவேணும் எண்டால் 2, உடுப்பு மாத்தச் சொல்லவேணும் எண்டால் 2, கடையில மிச்சக் காசு சரியோ எண்டு பார்க்கத் துணை வேணும் எண்டால் 4. புதுச் சனத்தோட பழகப் பயிற்சியோ அனுபவமோ உள்ள ஆள் பக்கத்தில வேணும் எண்டால் 4. இப்பிடிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் 8 வரும், 12 வரும். நடமாட்டத்தில, தெரிஞ்ச பாதையிலகூடத் தனியப் போக ஏலாது எண்டால் அதுக்கே 12. பள்ளிக்கூடத்துக்கு வான் வருது எண்டால், ஏன் வருது எண்டு எழுதுங்கோ.

ஆதாரம் இப்பவே சேருங்கோ. பிள்ளைகள் வைத்தியர் பெரியாக்களின்ர பிரிவுக்கு மாத்திவிட முன்னம் ஒரு கடிதம் வாங்குங்கோ. மாத்தின பிறகு புது ஆளுக்குப் பிள்ளையைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில ஈஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) இருந்தால் கடைசியாகத் திருத்தின பிரதி. வகுப்பு உதவியாளர் அரைப் பக்கம் எழுதித் தந்தாலும் பெறுமதி. படிவம் வந்தால் திருப்பியனுப்ப ஒரு மாசம் இருக்கும். காணாட்டில் ஃபோன் எடுத்து நேரம் கேட்கலாம்.

நிலா_ரெடிங் | 8 நவம்பர்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க கோயம்புத்தூர்ல இருந்து வேலை விசாவுல வந்தவங்க. பொதுநிதி கிடையாதுங்கிற விசா, அதனால பொண்ணுக்கு எதுவுமே கேட்டதில்ல. போன மாசம்தான் ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி, கிடைச்சுது. பொண்ணுக்குப் பெருமூளை வாதம், 15 வயசு ஆயிருச்சு. இன்னும் சில மாசத்துல எப்படியும் பிப்-னு சொல்றீங்க. அதுவரைக்கும் காத்திருந்து நேரா பிப் போட்டா போதுமா? ரெண்டு தடவை படிவம் எழுதணுமேன்னு மலைப்பா இருக்கு.

கணக்குப்பிள்ளை | 8 நவம்பர்

காத்திருக்காதேங்கோ தங்கச்சி. டிஎல்ஏ கேட்ட நாளில இருந்துதான் கணக்கு, பின்னோக்கித் தரமாட்டினம். காத்திருக்கிற ஒவ்வொரு கிழமையும் அவவின்ர காசும் உங்கட காசும் போகுது. இப்ப டிஎல்ஏ போடுங்கோ. நடுத்தரமோ உச்சமோ கிடைச்சால் உடனே கேரர்ஸுக்கும் போடுங்கோ. பிப் கேட்கேக்க, அதுக்கு முந்தின 156 கிழமையில 104 கிழமை இந்த நாட்டில இருந்திருக்கவேணும் எண்டு ஒரு விதி இருக்கு. நீங்கள் இங்க வருசக்கணக்காக இருக்கிறபடியால் அது பிரச்சினையாக வராது. நீளமாக ஊருக்குப் போய் நிண்டிருந்தால் மட்டும் எண்ணிப் பாருங்கோ.

ரெண்டு தரம் எழுதுறது கஷ்டம்தான். ஆனால் முதல் தரம் சேர்த்த ஆதாரம் ரெண்டாந்தரமும் உதவும்.

நிலா_ரெடிங் | 8 நவம்பர்

ரொம்ப நன்றிண்ணா. திங்கட்கிழமையே ஃபோன் பண்ணிடுறேன்.

சுதா_ஹரோ | 9 நவம்பர்

மூத்தவள் அக்கா, வாசிச்சிட்டு நேற்று மகனை ஒம்லெட் போடச் சொன்னன். அதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

ரெண்டு விசயம் கேட்கவேணும். ஒண்டு, நத்தார் சீசன் எண்டு கடையில மேலதிக மணித்தியாலம் தரட்டோ எண்டு கேட்கினம். எடுக்கலாமோ? மற்றது அந்தக் கடிதம். இவர் சொல்லுறார், மகன்ர பேருக்கே விடுவம், பெடியன் பொறுப்புப் பழகட்டும் எண்டு. எனக்குப் பயமாக் கிடக்கு.

தர்சன் | 9 நவம்பர்

வணக்கம் ஆன்ட்டி. எனக்கும் ஓட்டிசம், 18 வயசு. தமிழில எழுதுறது மெதுவாத்தான் வரும்.

அம்மா எனக்கு அப்பொய்ன்டியா இருக்கிறா. அப்பொய்ன்டி எண்டால் கடிதம், காசு, ஃபோன் எல்லாம் அம்மாவுக்குப் போகும், எல்லாத்துக்கும் அம்மாதான் பொறுப்பு. எனக்கு அது சரி, ஏனெண்டால் தெரியாத ஆளோட ஃபோனில என்னால கதைக்கவே ஏலாது. ஆனால் என்னைக் கேட்டுத்தான் முடிவெடுத்தவை. ஒரு அதிகாரி வந்து எங்கள் ரெண்டு பேரோடயும் கதைச்சவர். உங்கட மகனிட்டயும் கேளுங்கோ. அவர் அந்தக் கதைக்கு வெளியில நிக்கக்கூடாது.

படிவத்தில அம்மா எழுதினதை நான் வாசிச்சனான். எனக்குக் கோபம் வந்தது. நான் செய்யாத எல்லாத்தையும் எழுதியிருந்தா. பிறகு அம்மா என்னோட இருந்து, நான் செய்யிறதையும் எழுதி, அதுக்குப் பிறகு நான் எவ்வளவு களைச்சுப்போறன் எண்டதையும் எழுதினா. அதுதான் உண்மை.

மூத்தவள் | 9 நவம்பர்

தர்சன் தம்பி, இதை நீங்கள் சொன்னது எங்களுக்கெல்லாம் பெரிய உதவி. நான் மகளுக்கு வாசிச்சுக் காட்டாமலே அனுப்பினனான், அவவுக்கு வாசிப்பு விளங்காது எண்டு. ஆனாலும் சொல்லியிருக்கலாம்தான்.

சுதா, பொறுப்புப் பழக்கிறதுக்கு வேற இடம் இருக்கு. பஸ் கார்ட், பொக்கற் காசு, கடைக்குப் போறது. வருமானம் முழுக்க ஒரு கடிதத்தில தொங்கேக்க, அந்தக் கடிதத்தை வச்சுப் பழக்கவேண்டாம்.

கணக்குப்பிள்ளை | 9 நவம்பர்

அப்பொய்ன்டி எண்டது சாகுமட்டும் மாத்த ஏலாத ஒண்டில்லை. பிறகு தானே பார்க்கலாம் எண்டு வந்தால் மாத்தலாம். அதே நேரம், பிள்ளை விளங்கிச் செய்யக்கூடிய ஆள் எண்டால் தாய்க்கு வசதி எண்டு அப்பொய்ன்டி போடக்கூடாது. தானே பார்த்துக்கொண்டு அம்மாவைக் கூட வச்சிருக்கவும் ஏலும்.

மேலதிக மணித்தியாலத்தில கவனம். 2025-26-இல கேரர்ஸுக்கு வருமான எல்லை கிழமைக்கு 196 பவுண்ஸ். வரி, நாஷனல் இன்சூரன்ஸ், பென்சனுக்குக் கட்டுறதில பாதி, இவ்வளவும் கழிச்சு மிஞ்சிறதுதான் கணக்கு. 196-க்கு ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக்குரிய 83.30-உம் இல்லை. கூடினதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுற முறை இங்க கிடையாது. சொல்லாமல் விட்டால் பிறகு சேர்த்துத் திருப்பிக் கேட்பினம். நாடு முழுக்கப் பராமரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில கடன்பட்டுப் பத்திரிகையில எல்லாம் வந்தது இதாலதான்.

ஆனால் உங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டும் வருதெண்டபடியால் கணக்கு வேற மாதிரி. கேரர்ஸ் அலவன்ஸை அங்க அப்பிடியே கழிக்கினம். உங்களுக்கு உண்மையில மேலதிகமாக வாறது யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ள இருக்கிற பராமரிப்பாளர் பகுதி, 2025-26-இல மாசம் 201.68. அதுக்கு 196 எல்லை இல்லை. கிழமைக்கு 35 மணித்தியாலம் பராமரிச்சால் காணும். அதால டிசம்பரில மேலதிக வேலை எடுத்தால் வீடு இடிஞ்சு விழாது. எடுக்க முன்னம் ரெண்டு இடத்துக்கும் அறிவிச்சிடுங்கோ, அவ்வளவுதான்.

வன்னியான் | 10 நவம்பர்

சரி, கேரர்ஸ் விசயத்தில நான் விளங்காமல் சொன்னன் எண்டு வையுங்கோ. ஆனால் இது எனக்கு நல்லாத் தெரியும்: 16 முடிஞ்சால் பிள்ளையின்ர பேரிலேயே யூனிவர்சல் கிரெடிட் போடலாம். மாசம் எழுநூறுக்கு மேல வரும். அதை ஏன் ஒருத்தரும் சொல்லுறீங்களில்லை?

கணக்குப்பிள்ளை | 10 நவம்பர்

சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. சுதாவின்ர மகன் பள்ளிக்கூடம் போறார். முழுநேரம் படிக்கிற பிள்ளை, வேலை செய்ய ஏலாது எண்ட தீர்மானம் படிப்புத் தொடங்க முன்னமே கிடைச்சிருந்தால் தவிர, பொதுவாகத் தன்ர பேரில எடுக்க ஏலாது. 2021 டிசம்பரில இருந்து அப்பிடி.

படிப்பு முடிஞ்ச பிறகு யோசிக்கலாம், அதுவும் பேப்பரும் பேனையுமாக இருந்து. பிள்ளை தன்ர பேரில எடுத்தால், தாய்தகப்பன்ர யூனிவர்சல் கிரெடிட்டில வாற பிள்ளைப் பகுதி, மாற்றுத்திறன் மேலதிகம், அதோட சைல்ட் பெனிபிட் மூண்டும் போகும். மூத்த பிள்ளை எண்டால் 2025-26 கணக்கில பிள்ளைப் பகுதி மாசம் 339, சைல்ட் பெனிபிட் மாசத்துக்கு ஏறத்தாழ 113. மேலதிகம் ரெண்டு விதம்: பிப் சாதாரணம் எண்டால் 158.76, உயர்ந்தது எண்டால் 495.87. ஆக 610 இல்லாட்டி 947 பவுண்ஸ் உங்கட கையை விட்டுப் போகும். பிள்ளைக்குக் கிடைக்கிறது 25 வயசுக்குக் கீழ அடிப்படை 316.98, வேலை செய்ய ஏலாது எண்டு முடிவானால் அதோட 423.27. மொத்தம் 740. அந்த 423-உம் முதல் மூண்டு மாசம் வராது. 2026 ஏப்ரலில இருந்து புதிசாகக் கேட்கிற கனபேருக்கு அந்தத் தொகை பாதியாகக் குறையுது.

சாதாரண அளவுப் பிள்ளைக்குச் சிலவேளை லாபம், உயர்ந்த அளவுப் பிள்ளைக்கு அநேகமாக நட்டம். ரோட்டுக் கதையை வச்சு முடிவெடுக்கிற விசயம் இல்லை இது. உங்கட பராமரிப்பாளர் பகுதி மட்டும் ரெண்டு விதத்திலயும் உங்களோடதான் இருக்கும்.

கிளாஸ்கோ_ரவி | 10 நவம்பர்

இங்க பாதி ஆக்களுக்கு ஸ்கொட்லாந்து எண்டால் குளிர் மட்டும்தான் ஞாபகம். எங்களுக்கு டிஎல்ஏ-க்குப் பதிலாகச் சைல்ட் டிசபிலிட்டி பேமன்ட். ஏற்கெனவே எடுக்கிற பிள்ளை 18 வரைக்கும் அதிலேயே இருக்கலாம். பிறகு அடல்ட் டிசபிலிட்டி பேமன்ட். கேரர்ஸ் அலவன்ஸின்ர இடத்தில கேரர் சப்போர்ட் பேமன்ட் வந்திட்டுது. 16 வயசில பரீட்சையும் படிவமும் ஒண்டாக வந்து நெஞ்சில ஏறுற தொல்லை எங்களுக்கு இல்லை.

ஈலிங்_குமரன் | 10 நவம்பர்

இங்கயும் 18 ஆக்கப்போறதாகக் கேள்விப்பட்டனே? அப்ப சுதா கொஞ்சம் இழுத்தடிக்கலாமே.

கணக்குப்பிள்ளை | 10 நவம்பர்

2025 மார்ச்சில சனத்திட்டக் கருத்துக் கேட்டு வந்த அரசாங்கப் பச்சை அறிக்கையில அப்பிடியொரு யோசனை கேட்டிருந்தினம். சட்டமாகேல்ல. பெப்ரவரியில 16 முடியிற பிள்ளைக்கு அதை நம்பி இழுத்தால் டிஎல்ஏ-தான் நிக்கும்.

சுதா_ஹரோ | 11 நவம்பர்

மகனோட கதைச்சன். 'அம்மா பாருங்கோ, ஆனால் காசு எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லவேணும்' எண்டான். அப்பொய்ன்டி எண்டு நிரப்பி அனுப்பப்போறன்.

கடைசியாக ஒண்டு. பிப் இல்லை எண்டு வந்தால்?

கணக்குப்பிள்ளை | 11 நவம்பர்

முடிவுக் கடிதத்தின்ர திகதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. எந்தக் கேள்விக்கு எத்தினை புள்ளி தந்திருக்கினம், எத்தினை தந்திருக்கவேணும் எண்டு ஒவ்வொண்டாக எழுதுங்கோ. 'அநியாயம்' எண்டு மட்டும் எழுதினால் ஒருத்தரும் அசையமாட்டினம். அதிலயும் மாறாட்டில் அடுத்த ஒரு மாசத்துக்குள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. முதல் இடத்தில மறுத்திட்டினம் எண்டு அதோட விட்டிடாதேங்கோ.

இடையில கேரர்ஸ் நிக்கும், அதை மறைக்காமல் அறிவியுங்கோ. பிறகு பிப் கிடைச்சால், அந்த முடிவு வந்து மூண்டு மாசத்துக்குள்ள கேரர்ஸுக்குத் திரும்ப விண்ணப்பியுங்கோ. அப்பதான் பிப் தொடங்கின திகதி வரைக்கும் பின்னோக்கித் தருவினம். வழக்கில வெண்ட சந்தோசத்தில இதை மறக்கிற ஆக்கள் இருக்கினம். திகதியை இப்பவே ஃபோனில குறிச்சு வையுங்கோ.

மூத்தவள் | 11 நவம்பர்

படிவம் வந்தால் எழுதிப்போட்டு எனக்குத் தனிமடலில அனுப்பும் பிள்ளை. அனுப்ப முன்னம் ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுறன். அந்த ஒம்லெட் பக்கத்தை விட்டிடாதேயும்.